வார்ட்ரோப்புக்குள் ஒரு தியான அறை

எனக்குக் கோபமே வராது என்று உலகத்தில் நம்பிய ஒரே ஆள் நான்தான். ஒருநாள் மிக்ஸி மூடியோடு நான் சண்டை போட்டதை (அது பதில் பேசாததால் கோபம் இன்னும் ஏறியது) என் மனைவி கல்பனா பார்த்துவிட்டாள். "போய் தியானம் கியானம் ஏதாவது பண்ணுங்க" என்றாள்.

எதையும் அரைகுறையாகச் செய்பவனில்லை நான். இணையத்தில் தேடினேன். தியானத்துக்கென்று வீட்டில் தனி இடம் வேண்டும், அங்கே வேறு எதுவும் நடக்கக் கூடாது என்று போட்டிருந்தது. பருத்திப்பட்டில் எங்களுடையது இரண்டு படுக்கையறை ஃபிளாட். பால்கனியில் வாஷிங் மெஷின். ஹாலில் டிவி. ஓர் அறையில் நாங்கள். இன்னொன்றில், அம்பத்தூரில் வேலை பார்க்கும் கல்பனாவின் தங்கை தீபா. மிச்சமிருந்தது எங்கள் அறையின் வார்ட்ரோப்தான்.

கீழ்த்தட்டுப் பலகையைக் கழற்றினேன். பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டேன். பக்கவாட்டில் திரும்பிச் சம்மணம் போட்டால் கச்சிதமாக உட்கார முடிந்தது. தலைக்கு மேல் கல்பனாவின் பட்டுப் புடவைகள், சுற்றிலும் பாச்சை உருண்டை வாசம். கதவை ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாத்தினால் இமயமலைதான்.

"யாருக்காவது தெரிஞ்சா என்ன நெனப்பாங்க?" என்றாள் கல்பனா.

"யாருக்குத் தெரியப் போகுது" என்றேன்.

அடுத்த மாதமே, ஒரு ஞாயிற்றுக்கிழமை தீபாவைப் பெண் பார்க்க வருவதாகப் பட்டாபிராமிலிருந்து போன் வந்தது. விருதுநகரில் இருக்கும் என் மாமனாருக்கு முழங்கால் வலி. "நீங்கதான் மாப்ள முன்ன நின்னு எல்லாத்தையும் பாத்துக்கணும்" என்றார். பெண் வீட்டுப் பெரிய மனுஷன் பதவி எனக்கு வந்தது அப்படித்தான். தீபாவுக்கோ அரை மனசு. காபி கொடுப்பதோடு சரி, பேச்செல்லாம் கிடையாது என்று முன்பே சொல்லிவிட்டாள்.

அன்று காலை கல்பனா என் கையில் பையைக் கொடுத்து, ஜாங்கிரியும் மிக்ஸரும் வாங்கிவரச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். அவர்கள் வருவது பதினொரு மணிக்கு. அப்போது மணி ஒன்பதரை. பத்து நிமிடம் உட்கார்ந்து மனதை அமைதிப்படுத்திக்கொண்டு கிளம்பலாம் என்று வார்ட்ரோப்புக்குள் போனேன். மனம் அமைதியானது. தூங்கிவிட்டேன்.

வெளியே நடந்தது எல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். மாப்பிள்ளை தினேஷ், அவர் அப்பா ஏழுமலை, அம்மா வள்ளி மூவரும் வந்துவிட்டார்கள். "அவர் ஸ்வீட் வாங்கப் போயிருக்கார், இதோ வந்துடுவார்" என்று கல்பனா நாலு தடவை சொன்னாள். எனக்குப் போன் போட்டாள். அது ஃபிரிட்ஜ் மேல் இருந்து அடித்தது. அவர்களும் ஃபிளாட் தேடிக்கொண்டிருந்ததால், வள்ளி அம்மா வீட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். எங்கள் அறைக்கு வந்தவர், "ஷெல்பு எம்மாம் ஆழம் கீது?" என்றபடி வார்ட்ரோப்பைத் திறந்தார்.

உள்ளே முண்டா பனியனும் லுங்கியுமாக நான். கண் மூடியிருந்தது, வாய் திறந்திருந்தது. ஹாங்கரிலிருந்து நழுவிய அரக்குப் பட்டு ஒன்று என் தலையில் முக்காடாக விழுந்திருந்தது.

வள்ளி அம்மா அலறவில்லை. கதவை மெதுவாகச் சாத்தினார். "ஏம்மா, உள்ள ஒர்த்தர் கீறாரு" என்றார்.

நான் கண் விழித்தபோது கதவு மறுபடி திறந்திருந்தது. எதிரே ஐந்து பேர். கால் மரத்துப்போனதால் எழுந்திருக்கவும் முடியவில்லை. உட்கார்ந்தபடியே கைகூப்பி, "வாங்க, வாங்க" என்றேன். (பெரிய மனுஷன் இல்லையா.)

ஏழுமலை சார் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "இன்னா தம்பி, ஸ்வீட்டு கடை இதுக்குள்ளயா கீது?"

காபித் தட்டோடு நின்ற தீபாதான் முதலில் சிரித்தாள். தட்டு ஆடிக் காபி சிந்தியது. தினேஷ் அதை வாங்கிக் கட்டில்மேல் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கல்பனா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணில் நீர் முட்ட, என் கோபத்தையும் தியானத்தையும் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள். சம்பந்தம் போச்சு என்றே நினைத்தேன். மாமனாரிடம் என்ன சொல்வது? அந்த அலமாரியிலிருந்து வெளியே வராமலே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

தினேஷ்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஜாங்கிரி வாங்கி வருவதற்குள், பேச்சே கிடையாது என்ற தீபா பால்கனியில் வாஷிங் மெஷினில் சாய்ந்தபடி அவரோடு பேசிக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் ஆகியும் முடியவில்லை.

கிளம்பும்போது மன்னிப்புக் கேட்டேன். வள்ளி அம்மா கல்பனாவைப் பார்த்துச் சொன்னார்: "கோவம் வந்தா எங்க ஊட்டுக்காரரு தெரு முழுக்கக் கேக்குற மாரி கத்துவாரு. இவுரு சத்தம் போடாம ஷெல்புக்குள்ள போயி குந்திக்கிறாரு. நல்ல குடும்பந்தாம்மா."

கல்யாணம் முடிந்து இப்போது தினேஷும் தீபாவும் நெமிலிச்சேரியில் சொந்த ஃபிளாட்டில் இருக்கிறார்கள். இரண்டு வீட்டிலும் யாரைக் காணவில்லை என்றாலும் யாரும் போன் போடுவதில்லை. நேராக வார்ட்ரோப்பைத்தான் திறந்து பார்க்கிறார்கள். தினேஷ் தன் வீட்டுக்கு வார்ட்ரோப் செய்தபோது, "கீழ்த்தட்டு வேணாம், எங்க சகலை வந்தா உக்காரணும்" என்று தச்சரிடம் சொல்லி, உள்ளே மெத்தையும் போட்டு வைத்திருக்கிறார்.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது வீடு முழுக்க ஒரே சத்தம். ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று, யாரும் பார்க்காதபோது நைசாகப் போய்க் கதவைத் திறந்தேன்.

உள்ளே ஏழுமலை சார் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணைத் திறக்கவே இல்லை.

"ஆளு கீது தம்பி. அப்பால வா."