பூசணி சாரின் பூமி

உலகத்தையே மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கிய மனிதர், எனக்குத் தெரிந்து பூசணி சார் ஒருவர்தான்.

தொண்ணூறுகளில் சீவலப்பேரிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் நானும் அவரும் வாத்தியார்கள். எனக்குத் தமிழ். அவருக்கு மற்ற எல்லாப் பாடமும். எல்லாப் பாடத்துக்கும் பூசணிக்காய். ஒன்றாம் வகுப்புக்கு அதன் வரிகளை எண்ணக் கொடுப்பார். ஐந்தாம் வகுப்புக்கு அதைக் கீறிப் பின்னம் நடத்துவார். வரலாற்று வகுப்பில் கோட்டை மதிலிலிருந்து எதிரியின் தலையில் உருட்டிவிடுவதற்கும் அதுதான். எதிரியாக ஒருமுறை என்னை வந்து நிற்கச் சொன்னார். மறுத்துவிட்டேன்.

மிதக்கும் பொருள், மூழ்கும் பொருள் என்று ஒருநாள் பிள்ளைகளைத் தாமிரபரணிக்குக் கூட்டிப்போனார். பூசணிக்காய் மிதந்தது. மிதந்தது மட்டுமா, கிளம்பியே போய்விட்டது. மொத்த வகுப்பும் கரையோரமாக அதன் பின்னால் ஓடியது. கடைசியில் மூச்சு வாங்க நின்றவர், "போகட்டும்லே. இனி அது எந்தெந்த ஊர் வழியா கடலுக்குப் போகும்? சொல்லுங்க பாப்போம்" என்று அறிவியலை அப்படியே புவியியலாக்கிவிட்டார்.

வினையும் புவியியலில்தான் வந்தது. காம்பு வடதுருவம், வரிகள் தீர்க்கரேகை என்று அவர் நடத்தியது பிள்ளைகளுக்கு நன்றாகவே புரிந்தது. தேவைக்கு மேலேயே புரிந்தது. பூமியின் உட்பகுதியில் என்ன உள்ளது என்ற தேர்வுக் கேள்விக்கு வகுப்பே சேர்ந்து 'நாரும் விதையும்' என்று எழுதிவைத்தது. விஷயம் மேலிடம் வரை போய், ஆய்வுக்கு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அவருக்குத் திருப்தி இல்லையென்றால் ராதாபுரம் பக்கம் மாற்றல் என்று பேச்சு.

மனுஷன் அரண்டுபோனார். "அங்கன பனைதானவே நிக்கு. பனங்காய வச்சு நான் என்னத்த நடத்துவேன்?" என்று என்னிடம் புலம்பினார்.

ஆய்வுக்காக இருப்பதிலேயே பெரிய காயாக வாங்கி, கண்டம் கண்டமாக வர்ணம் பூசி, பூட்டு இருந்த ஒரே அறையான சத்துணவுக் கூடத்தில் வைத்துப் பூட்டினார். அதன் இன்னொரு சாவி சமையல்கார செல்லம்மாவிடம் இருப்பது அவருக்கு உறைக்கவில்லை.

மறுநாள் ஆண் வாத்தியார்கள் எல்லோரும் மாலையோடு முன்வாசலில் ஜீப்பை எதிர்பார்த்து நின்றோம். அதிகாரியோ டவுன் பஸ்ஸில் வந்து இறங்கிப் பின்பக்கமாக நுழைந்துவிட்டார். அங்கே செல்லம்மா, சாம்பாருக்கு வந்த காய் என்று நினைத்து, உலகத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவியிருந்தாள். ஆசியா போய்விட்டது, ஆப்பிரிக்கா மட்டும் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் முழுப் பூசணிக்காயில் பெண்கள் முதல் வெட்டு போடமாட்டார்கள். ஆண் யாராவது பிளந்து கொடுக்க வேண்டும். "அண்ணாச்சி, இத ரெண்டா வெட்டிக் குடுத்துட்டுப் போங்க" என்று, யாரென்று தெரியாமல் அதிகாரி கையில் அரிவாளைக் கொடுத்துவிட்டாள். அவரும் சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரே போடாகப் போட்டார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த பூசணி சாருக்கு ஆளும் தெரியவில்லை, அரிவாளும் தெரியவில்லை. "யாருவே நீரு? உலகத்த இப்படியா வெட்டுவாங்க? பூமத்திய ரேகை எங்கன இருக்குன்னுகூடத் தெரியாதா உமக்கு?"

அவர் பைய அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, தாம் யார் என்பதைச் சொன்னார். அந்த நேரம் பார்த்து ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எட்டிப் பார்த்து, "சார், நாங்க எழுதினது சரிதான? உள்ள நாரும் விதையுமாத்தான இருக்கு" என்றாள்.

அதிகாரி சிரிக்கவில்லை. சாம்பாரை மட்டும் மறுமுறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்ட கை காய்வதற்குள் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது.

பூசணி சார் போன பிறகு பள்ளிக்கூடம் ஒழுங்காக நடந்தது; பார்க்கவே சகிக்கவில்லை. அந்தப் பனங்காட்டில் மனுஷன் என்ன ஆனாரோ என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த கோடையில் ஒரு கல்யாணத்துக்காக ராதாபுரம் பக்கம் போனேன். திரும்புவதற்கு பஸ்ஸை எதிர்பார்த்து நின்ற இடத்தில், ஒரு பையன் பனங்காயைச் சக்கரமாகக் கோத்த வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். காயின் நடுவில் சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு. அது என்ன கோடு என்று கேட்டேன். பூமத்திய ரேகை என்றான்.

"அப்போ பூமிக்குள்ள என்னலே இருக்கு?"

"மூணு கொட்டை. எங்க பனங்காய் சாரு வெட்டிக் காட்டுனாரே."

பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை. சார் வீட்டைக் காட்டச் சொல்லி அந்த வண்டிக்குப் பின்னால் நடந்தேன். அவர் இல்லாமல் எனக்குத் தமிழ்கூடச் சரியாக நடத்த வரவில்லை.