வேக வள்ளலின் கறுப்புத் தட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் அந்த வாடகை மண்டபத்தில் நிற்க இடமில்லை. வந்தவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத அப்பாவிகள் என்று நினைத்துவிடாதீர்கள். அத்தனை பேரும் படம், பாட்டு, பத்திரம் எல்லாவற்றையும் சேமித்து வைக்க வீட்டிலேயே சொந்தமாகச் சர்வர் கட்டி வைத்திருப்பவர்கள். துணி வைக்கிற அலமாரியில் நாலு டிஸ்க், கட்டிலுக்கடியில் எல்லாவற்றையும் இணைக்க ஒரு சுவிட்ச், சுவரெல்லாம் நீலக் கேபிள் என்று குடும்பம் நடத்துகிறவர்கள். பத்து ஜிகாபிட் வேகம் என்று காதில் விழுந்தால் பசி மறந்துபோகும் கூட்டம். அந்த மேதைகள்தான் ஒரு கறுப்புத் தட்டைத் தொட்டுப் பார்க்க முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள்.

தட்டைக் கண்டுபிடித்தவர் வேக வள்ளல். பட்டம் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள்; நோட்டீஸ் அடித்தவர் அவரேதான். வெள்ளைக் கோட்டு, சட்டைப் பையில் ஒரு டெஸ்டர், உலகத்து டிஸ்க்குகளையெல்லாம் மன்னித்துவிட்ட ஒரு புன்னகை. அவருடைய சித்தாந்தம் இதுதான்: சர்வர் பெட்டிக்குள் ஓடுகிற தகவல் பதற்றத்தில் இருக்கிறது. அமைதித் தட்டைப் பெட்டிக்கு அடியில் வைத்தால் பதற்றம் தணியும். தணிந்தால் வேகம் வரும். சீக்கு வந்த டிஸ்க்கும் நாற்பது நாளில் தானே குணமாகும்.

தகவலுக்கு என்ன பதற்றம், அது என்ன பரீட்சையா எழுதப் போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. படிக்காதவனுக்குப் புரியாவிட்டால் கேட்டுவிடுவான். படித்தவனுக்குக் கேட்க வெட்கம்.

முன்வரிசையில் ஆல்பக்காரர் உட்கார்ந்திருந்தார். கல்யாண வீடுகளில் படம் பிடிப்பவர். பன்னிரண்டு வருடத்துக் கல்யாணங்கள் அவர் வீட்டுப் பெட்டியில்தான் இருந்தன. இரண்டு டிஸ்க், ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் ஏறும், ஒன்று மண்டையைப் போட்டாலும் மற்றது காப்பாற்றும். அவரே தன் கையால் கட்டியது. மூன்று வாரத்துக்கு முன் ஒன்று மண்டையைப் போட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. புத்தியுள்ளவன் புது டிஸ்க் வாங்கியிருப்பான். ஆல்பக்காரர் தட்டு வாங்கினார். அந்த விலைக்கு இரண்டு டிஸ்க் வாங்கியிருக்கலாம் என்பதைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

தட்டோடு ஒரு வட்ட ஸ்டிக்கர் இலவசம். டிஸ்க் விளக்குகளை மொத்தமாக மூடி ஒட்டுவதற்கு. வைத்தியம் நடக்கும்போது விளக்கைப் பார்க்கக் கூடாதாம். பத்தியம் இன்னொன்றும் உண்டு. நாற்பது நாள் முடியும்வரை எதையும் வேறு இடத்துக்குப் பிரதி எடுக்கக் கூடாது; எடுத்தால் தகவலின் வீரியம் இரண்டாகப் பிரிந்துவிடும். இந்தப் பத்தியம்தான் வீட்டில் சண்டையைக் கிளப்பியது.

இந்த ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை மருந்துக்கடைக்காரப் பெண் வீட்டுக்கு வந்திருந்தாள். ஐந்து வருடத்துக்கு முன் அவள் கல்யாணத்தை இவர்தான் பிடித்தார். போன மாதம் அவள் அப்பா போய்விட்டார்.

"அண்ணா, கல்யாணத்துல அப்பா மைக் பிடிச்சுப் பேசினாருல்ல? அந்த பென்டிரைவ் வீடு மாத்தும்போது தொலைஞ்சுபோச்சு. அப்பா குரல் வேற எதுலயும் இல்லைண்ணா. என் போன்லகூட இல்லை."

"பத்திரமா இருக்கும்மா. ஒரு மூணு வாரம் பொறுத்துக்கோ. இப்ப எடுக்கக் கூடாது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். வாசல் தாண்டுவதற்குள் ஆல்பக்காரரை மனைவி பிடித்துக்கொண்டாள். அவளுக்கு எடை அளவை அலுவலகத்தில் வேலை. கடை கடையாகப் போய்த் தராசு சோதிப்பவள்.

"ஏங்க, இன்னிக்கே எடுத்துக் குடுத்தா என்ன கேடு?"

"வீரியம் பிரிஞ்சுடும்."

"உங்க புத்தி பிரிஞ்சு எங்கயோ போயிடுச்சு. காதை வெச்சுக் கேளுங்க, மிச்சமிருக்கிற டிஸ்க்கும் டிக் டிக்னு அடிச்சுக்குது."

"அது குணமாகுற சத்தம்."

"ஆமாமா. எடைக்கல்லு தேஞ்சுபோனா கடைக்காரன் துணி போட்டு மூடட்டும், எடை சரியாயிடும்."

ஆல்பக்காரருக்கும் உள்ளூர உதறல்தான். அந்தக் குரல் போய்விட்டால் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது? பயம் கூடக் கூடத் தட்டின் மேல் நம்பிக்கையும் கூடியது. பயத்தின் பிழைப்பே அதுதானே. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை வள்ளலிடமே போய்க் கேட்பது என்று முடிவானது. மனைவியும் கிளம்பினாள், தோளில் ஒரு கனத்த பையோடு.

மேடையில் ஒரு சர்வர் பெட்டி, ஒரு மடிக்கணினி, நடுவே பளபளவென்று ஒரு கேபிள். வள்ளல் பெட்டியை இயக்கினார். "முதல்ல தட்டு இல்லாம!" ஒரு பெரிய வீடியோ பெட்டியிலிருந்து மடிக்கணினிக்கு வந்து சேர இரண்டரை நிமிடம் ஆனது. வள்ளல் உச்சுக் கொட்டினார். கூட்டமும் உச்சுக் கொட்டியது. "இப்ப தட்டோட!" தட்டை அடியில் தள்ளி, கண்ணை மூடி, அதே வீடியோவை மறுபடி இழுத்தார். முப்பதே விநாடி!

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. கணிதப் பேராசிரியர் ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு மூக்கைச் சிந்தினார்.

"பாத்தியா?" என்றார் ஆல்பக்காரர். மனைவி எழுந்து நின்றாள்.

"ஐயா, நான் தராசு பாக்கறவ. இடது தட்டுல கல்லும் வலது தட்டுல சரக்கும் வெச்சு முள்ளு நேரா நின்னா உடனே முத்திரை குத்திட மாட்டேன். ரெண்டையும் இடம் மாத்தி வெச்சுப் பாப்பேன். கள்ளத் தராசு அங்கதான் மாட்டும். அதே மாதிரி இந்தப் பெட்டியை அணைச்சு மறுபடி போட்டு, முதல்ல தட்டோட எடுங்க. அப்புறம் தட்டு இல்லாம எடுங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

"தட்டு இப்பதான் உழைச்சிருக்கு தாயே. களைச்சிருக்கும்."

"அதனால என்ன? இது எங்க வீட்டுத் தட்டு." பையிலிருந்து எடுத்து நீட்டினாள். "மூணு வாரமா சும்மாதான் கிடந்துச்சு."

கூட்டத்தில் சிரிப்பு. வள்ளலின் புன்னகை ஒரு பக்கமாகக் கோணியது. "சந்தேகப்படறவங்க இருக்கிற இடத்துல தட்டு வேலை செய்யாது."

"அப்ப நான் வெளிய நிக்கறேன். கதவைச் சாத்திக்கோங்க."

போயே விட்டாள். வள்ளலுக்கு வேறு சாக்கு ஓடவில்லை. "அந்தம்மா மூக்கை உடைங்க ஐயா!" என்று பக்தர்களே கூவினார்கள். போலிச் சாமிகளுக்குப் பகைவர்களால் ஆபத்தில்லை, இப்படிப்பட்ட பக்தர்களால்தான்.

பெட்டியை அணைத்து மறுபடி போட்டார்கள். தட்டோடு: இரண்டரை நிமிடம். தட்டைத் தூக்கி மேசை ஓரத்தில் வைத்தார்கள். தட்டு இல்லாமல்: முப்பது விநாடி.

யாரும் கைதட்டவில்லை. ஆல்பக்காரர்தான் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடச்சே! மெமரி! ஒரு தடவை படிச்சதைப் பெட்டி மெமரில வெச்சுக்கும். மறுபடி அதையே கேட்டா டிஸ்க்கைத் தொடாமலே எடுத்துக் குடுக்கும். அணைச்சா மறந்துடும். எல்லாப் பெட்டியும் அப்படித்தான்! அதுக்குன்னே நான் போன வருஷம் மெமரி கூடப் போட்டேனே!"

மண்டபத்தில் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியும். தெரிந்தேதான் கைதட்டினார்கள். யாரோ ஒருவர் தட்டைச் சாவியால் சுரண்டினார். கறுப்புப் பெயிண்ட் உரிந்தது. உள்ளே பூப்போட்ட குளியலறை டைல்ஸ்.

வள்ளல் கோட்டைச் சுருட்டிக்கொண்டு கதவுக்குப் பாய்ந்தார். அன்றைக்குத் தட்டின் உதவியில்லாமல் வேகம் காட்டியது அவர் கால்கள்தான். கதவுக்கு வெளியே தராசுக்காரம்மா.

"என்னங்கய்யா பதற்றம்? தட்டை விட்டுட்டுப் போறீங்களே!"

பின்னால் வந்த கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. ஆல்பக்காரர் நின்று வேடிக்கை பார்க்கவில்லை. வழியில் புது டிஸ்க் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். ஸ்டிக்கரைக் கிழித்தார். இப்போது இரண்டு சிவப்பு விளக்குகள் எரிந்தன.

முதலில் மருந்துக்கடைப் பெண்ணின் கல்யாணம். பிரதி எவ்வளவு ஏறியது என்று திரையில் காட்டும் கோடு பாதியில் நின்றது. டிக். டிக். மனைவி அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கோடு மெல்ல நகர்ந்தது, மறுபடி நின்றது, மறுபடி நகர்ந்து முடிந்தது. மற்றக் கல்யாணங்கள் வரிசையாக ஏறின. சாயங்காலம் ஐந்து மணிக்கு டிஸ்க் ஒரு தடவை கிறீச்சிட்டு ஓய்ந்தது. எட்டுக் கல்யாணங்கள் மிச்சமிருந்தன. அவை போனது போனதுதான். எட்டு வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்பே எடுத்திருந்தால் ஒன்றுகூடப் போயிருக்காது. ஆல்பக்காரர் வெட்கத்தில் அழுதார்.

மருந்துக்கடைப் பெண் வந்து திரைக்கு முன் உட்கார்ந்தாள். அப்பா மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்: "மாப்பிள்ளை, இவ கோபப்பட்டா நீங்க சத்தமில்லாம கடைக்குப் போயிடுங்க. நான் இருபத்தஞ்சு வருஷமா அப்படித்தான் பொழைக்கறேன்." அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

அப்போது மனைவியின் போன் அடித்தது. கணிதப் பேராசிரியர்.

"அம்மா, தட்டைத் தூக்கிப் போட்டுட்டேன். ஆனா ஒரு சந்தேகம். நாப்பது நாள் இன்னும் முடியலை. ஸ்டிக்கரை எடுத்தா ஒண்ணும் ஆயிடாதே? உங்க வாக்கைத்தான் நம்பியிருக்கேன்."

"என் வாக்கு எதுக்கு சார்?" என்றாள் தராசுக்காரம்மா. "உரிச்சுட்டு உங்க கண்ணால பாருங்க. ஸ்டிக்கர் விளக்கு மேல மட்டும்தான் ஒட்டியிருக்கா, உங்க கண்ணு மேலயும் ஒட்டியிருக்கான்னு தெரிஞ்சுடும்."