ஆறாவது கட்டம்

சோதனைக்கு முதுகைக் கொடுத்திருந்த டாக்ஸி டிரைவர் மா தல்சு சட்டையைக் கழற்றியதும் ஆய்வாளர் இன்ஹேயின் கையிலிருந்த குறிப்பேடு நழுவி விழுந்தது. முதுகு முழுக்கச் செக்கச்செவேலென்று இருந்தது. முந்தின நாள் அவள் பேனாவால் வரைந்து, கிரீம் பூசி, விளக்கொளி பாய்ச்சிய ஆறு கட்டங்களில் ஒன்றைக்கூடக் காணோம்.

சுவோன் நகரத்து ஆய்வுக்கூடத்தின் மூன்று வருட உழைப்பு அந்த முதுகில்தான் இருந்தது. ஐந்து கட்டங்களில் பழைய சன்ஸ்கிரீன்கள். ஆறாவதில் புதியது. அதிலுள்ள வேதிப்பொருள் விளக்கின் புற ஊதாக் கதிரை உறிஞ்சி, தோல் சிவக்காமல் காக்க வேண்டும். தவறினால் கிரீமும் போச்சு, இன்ஹேயின் வேலையும் போச்சு.

"எரியுதா அண்ணே?"

"லேசா. டாக்ஸி சீட்டுல சாய முடியல, டாக்டரம்மா."

கிரீம் ஒத்துக்கொள்ளவில்லையோ? பதறிப்போய்க் குளிர்ச்சிக் களிம்பைத் தடவினாள்.

"ஐயோ, மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி இருக்கே!"

ஐஸ் வைத்தாள். தல்சு துள்ளியதில் விளக்கு சாய்ந்தது. சத்தம் கேட்டு இயக்குநர் குக் ஓடிவந்தார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"தெரியல சார்... விளக்கை அதிக நேரம் விட்டுட்டேனோ..."

பேனாவைச் சந்தேகித்தாள். விளக்கைச் சந்தேகித்தாள். கடைசியில், வழக்கம்போல, தன்னையே சந்தேகித்தாள்.

குக் குனிந்தார். "ஏய், இங்க பாரு!"

இடுப்புக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம். துளிகூடச் சிவக்கவில்லை. ஓரங்கள் நூல் பிடித்தாற்போல நேராக இருந்தன.

"எந்தக் கட்டம் இது?"

"கீழ இருக்கிறது... ஆறாவது சார்! நம்ம கிரீம்!"

"விளக்கு வெளிச்சம் கசிஞ்சு முதுகே வெந்துபோச்சு, நம்ம கிரீம் பூசின இடம் மட்டும் தப்பிச்சிருக்கு! இதைவிட வேற சோதனை வேணுமா?"

இன்ஹே அழுதுகொண்டே சிரித்தாள். குக் அப்போதே நிறுவனத் தலைவரைப் போனில் பிடித்தார். "ஜெயிச்சுட்டோம் ஐயா!" என்று அவர் கத்தியதில் பக்கத்து அறைக்காரர்கள் கைதட்டினார்கள்.

தல்சு கூச்சத்தோடு சட்டையை மாட்டிக்கொண்டார்.

"நேத்து அழுக்கு முதுகைக் காட்டிட்டேனேன்னு வெக்கமாப் போச்சு, டாக்டரம்மா. அதான் இங்கிருந்து குளியல் நிலையத்துக்குப் போயி, அங்க முதுகு தேய்க்கிற ஆளுகிட்ட சொரசொரப்புத் துணியால அழுந்தத் தேய்ச்சுவிடச் சொன்னேன். போற வழியில இடுப்புவலிக்குப் பிளாஸ்திரி வாங்கி ஒட்டியிருந்தேன், அந்த இடத்தை மட்டும் அந்த ஆளு தேய்க்காம விட்டுட்டாரு."