பாயாசத்தில் கால்சியம்

செஞ்சி
7-7-86

அன்பு மகள் சாகிராவுக்கு உன் அத்தா சைபுதீன் சலாம் கூறி எழுதுவது. அல்லாவின் கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். மெட்ராஸ் வெயிலும் ஹாஸ்டல் சாப்பாடும் உன்னை வாட்டாமல் இருக்க துவா செய்கிறோம்.

நிற்க. திண்டிவனத்திலிருந்து உன்னைப் பெண் கேட்டவர்கள் நேற்று விருந்துக்கு வந்துபோனார்கள். சம்பந்தம் முறிந்த மாதிரிதான். யாரால் என்று உன் அம்மா தனியாக எழுதுவாள், ஆகவே நான் முந்திக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை நசுருதீனுக்கு அத்தா இல்லை, பெரியத்தா அன்வர் பாஷாதான் எல்லாம். அவர், "பொண்ணு மெட்ராஸ்ல இன்னா படிக்குது?" என்று கேட்டார். சயின்ஸ் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். நீ எனக்குப் புரியும்படி எழுதியிருந்தாயே, அதை அப்படியே சொன்னேன். உடம்புல ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் எண்ணெய் மாதிரி மெல்லிசா ஒரு சவ்வு இருக்குது, அதுல புரதமெல்லாம் மெதந்துகினு திரியுது, கால்சியம் வந்தா அதுங்க அங்கங்க கூட்டமா சேந்துக்குது, அது எப்பிடின்னு எம் பொண்ணு பாக்குதுன்னேன். "கால்சியம்னா?"ன்னாரு. சுண்ணாம்புல இருக்குதே அதான்னேன். "கோட்டைச் செவுத்துக்கு அடிக்கிறாங்களே, அதுவா? அதுக்கு மெட்ராஸ் வரைக்கும் போவணுமா?"ன்னுட்டு கை கழுவப் போயிட்டாரு.

எனக்கு ரோஷம் வந்துடுச்சு. இத்தன வருஷ யாவாரத்துல சாம்பிள் காட்டாம ஒரு மூட்டை மல்லாக்கொட்ட வித்தவனில்ல நானு. பெரியத்தாவோட பாயாசக் கிண்ணத்த இழுத்து, "பாருங்க தம்பி, மேல மெதக்குற நெய்யிதான் சவ்வு, முந்திரிதான் புரதம், இப்ப கால்சியம் வருது"ன்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லி, வெத்தலத் தட்டுலேருந்து ஒரு விரல் சுண்ணாம்பு எடுத்துக் கலக்குனேன். முந்திரி சேரல. நாங்க ரெண்டு பேரும் குனிஞ்சி பாத்துகினே இருந்தோம். சரி, இத கொட்டிட்டு வேற பாயாசம் வெக்கலாம்னு நான் உள்ள போனேன். அதுக்குள்ள பெரியத்தா வந்து உக்காந்து, தம்பி வேணாம்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள மடக்குன்னு குடிச்சிட்டாரு. நாக்கு வெந்துடுச்சு. நெய் ஊத்துனோம், தயிர் ஊத்துனோம். மனுசன் கூட்டு ரோட்டுல பஸ் ஏறுற வரைக்கும் வாயத் தொறக்கல.

உங்கம்மா, "படிச்சது போதும், கூட்டியாந்துடுங்க. இனிமே யாரு கேட்டாலும் டைப்ரைட்டிங்னு சொல்லிக்கலாம்"ங்கறா. எனக்கு மனசு கேக்கல, வேற வழியும் தெரியல. மாசக் கடைசியில வர்றேன். பெட்டியக் கட்டி வை.

ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளும், எனக்கு வாயை அடக்கும் சக்தியும் தர வேண்டி,

உன் அத்தா
சைபுதீன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகையில் நசுருதீன் தனியாக பஸ் ஏறி வந்துவிட்டான். பெரியத்தா இட்லி சாப்பிடுகிறாராம். இவன் வந்தது வேறு விஷயத்துக்கு. "கால்சியம் திரும்பிப் போயிட்டா அந்தப் புரதமெல்லாம் மறுபடி பிரிஞ்சிடுமா மாமா? நேத்துலேருந்து இதே யோசனையா இருக்குது"ன்னான். உங்கம்மா கதவு மறைவுலேருந்து, "படிக்கிறவள கேக்காம இவர கேட்டா?"ன்னு சொல்லி உன் ஹாஸ்டல் அட்ரஸ அவளே எழுதிக் குடுத்துட்டா. பெட்டியக் கட்டாத. தம்பிக்கு விவரமா பதில் எழுது. பிரியுமா பிரியாதான்னு எனக்கும் ஒரு வரி போடு.