கெண்டை மெச்சிய ரொட்டி

இந்த வருஷம் மீன்பிடிப் போட்டியின் ஏரிக் கோப்பை தன் வீட்டு அலமாரிக்குத்தான் என்று தக்கை சபதம் போட்டிருந்தார். ஏரிக்கரையில் அவருக்கு அதுதான் பெயர். தூண்டில் தக்கை மாதிரி, வீட்டில் மனைவி இழுத்தால் முங்குவார், விட்டால் மிதப்பார். வேறென்ன பெயர் வைப்பார்கள்?

போன வருஷக் கோப்பை பக்கத்து வீட்டுப் பல் டாக்டருக்குப் போயிருந்தது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. ஆனால் இந்த முறை தக்கையிடம் ஒரு ரகசிய ஆயுதம் இருந்தது: மனைவி சுடும் ரொட்டி. மற்றவர்கள் தூண்டிலில் வைக்கும் மாவு தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும். இது கரையாது. கெண்டை வந்து, கடித்து, யோசித்து, மறுபடி கடித்து மாட்டிக்கொள்ளும்வரை கல்லுளிமங்கன் மாதிரி முள்ளிலேயே உட்கார்ந்திருக்கும்.

ரகசியம் வெளியே போகக் கூடாதே! அதனால் வீட்டில் ரொட்டியைத் திட்டிக்கொண்டே இருப்பார்.

"என்னம்மா இது, ரொட்டியா ரப்பரா?"

"அப்போ வெச்சிட்டுப் போங்க."

"வேண்டாம், வேண்டாம்! எல்லாத்தையும் கட்டிக் குடு. கட்டிக்கிட்ட பாவத்துக்கு நானே தின்னு தொலைக்கிறேன்."

ஏரிக்கரை போனதும் ரொட்டி மீனுக்கு. கடை பன் அவருக்கு.

போட்டியன்று காலை அவள் டப்பாவை நீட்டியபோது முகத்தில் அப்படியொரு கனிவு. கரையில் உட்கார்ந்து திறந்தார். விரல் பட்டதும் ரொட்டி பஞ்சாக அமுங்கியது. உருட்டி முள்ளில் குத்தினால், தண்ணீரைத் தொடும் முன்பே பாதி உதிர்ந்தது. மீதி கெண்டைகளுக்கு இலவச விருந்து. பக்கத்திலோ பல் டாக்டர் கெண்டை கெண்டையாக இழுத்து, அளந்து, முத்தம் கொடுத்துத் திரும்பத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார். அவர் காலடியில் ஒரு டப்பா. தக்கைக்கு நன்றாகத் தெரிந்த டப்பா. தன் வீட்டு டப்பா!

வீட்டுக்கு வந்து குதித்தார்.

"ரொட்டியை என்ன பண்ணினே?"

"நீங்கதானே திட்டினீங்க? ஒரு வாரமா மெத்துன்னு சுடக் கத்துக்கிட்டேன். நல்லா இருந்துச்சா?"

"பழைய கெட்டி ரொட்டி எப்படி டாக்டர் கைக்குப் போச்சு?"

"கத்துக்கிறப்போ கெட்டியா வந்ததை வீணாக்க வேண்டாமேன்னு அவர் வீட்டம்மாகிட்ட குடுத்தேன். மீனுக்கு ரொம்பப் பிடிக்கும்னும் சொன்னேன்."

"மீனுக்கா? உனக்கெப்படி..."

"ஏங்க, வாராவாரம் உங்க சட்டைப் பையில ரொட்டி உருண்டையும் தூண்டில் முள்ளும் ஒண்ணா கிடக்கு. துவைக்கிறது யாரு? மீனுக்குப் போட்டதுல எனக்குக் கோபமில்ல. தின்ன மீனே ஒரு குறை சொல்லல. தின்னாத நீங்க ரப்பர்னு சொன்னீங்க பாருங்க!"

தக்கை முங்கினார். கொஞ்ச நேரம் கழித்து மெல்ல மேலே வந்தார்.

"அடுத்த வருஷம் எனக்கே அந்தப் பழைய ரொட்டி..."

"தாராளமா. முதல்ல என் முன்னாடி ஒண்ணு சாப்பிட்டு, எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

மிச்சமிருந்த பழைய ரொட்டி ஒன்றை நீட்டிவிட்டு அவள் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆசைக்காகவே அழுத்திக் கடித்தார். "நல்லா இரு..." என்னும்போதே வாய்க்குள் கடக்கென்றது.

மறுநாள் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்து சாய்ந்திருந்தார். எதிர் அலமாரியில் இரண்டு கோப்பைகள் பளபளத்தன. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அடடா, பாதிப் பல் போச்சே! அப்படி எதைக் கடிச்சீங்க?" என்றார் டாக்டர்.

பிடித்திருந்த கை லேசாக இறுகியது.

"நல்ல ரொட்டி, டாக்டர்."