ரெண்டு சுழி

காப்பியை வாங்கி ஆறவிட்டு, குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பால்ராஜ். வருங்கால மாமனார் காப்பியைத் தொடாமல் இருந்தால் விஷயம் சரியில்லை என்று வேதநாயகத்துக்குத் தெரியும்.

"சாயந்தரமானா வேணும் வேணும்னு ஒரே சத்தமாமே தம்பி? பக்கத்து வீட்டு அமலக்கா சொன்னாங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே இப்படி ஆசைப்பட்டா எப்படி லா?"

வேதநாயகம் பக்கத்துச் சுவரைத் திரும்பிப் பார்த்தான்.

குயின் ஸ்ட்ரீட்டில் அவனுடைய மாடி அறைக்கும் அமலம்மாள் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைப் பலகைச் சுவர்தான். கப்பல் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை முடிந்து வந்ததும், அந்தச் சுவரோரமாக நடந்தபடி அவன் ஒரு பாட்டை உருப்போட்டுக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

பத்திரிகையில் வந்த புது மாதிரிப் பாட்டு. பேச்சுத் தமிழிலேயே எழுதியது. தொட்டதெல்லாம் தங்கமாகிற கிரேக்க ராஜாவின் பழைய கதைதான். இதில் அவன் கல்யாணம் செய்துகொள்கிறான். தாலி கட்டும்போது விரல் கழுத்தில் பட்டு, பெண் தங்கச் சிலையாகிவிடுகிறாள். பாவி அழவில்லை, தராசைக் கொண்டுவா என்கிறான். அடிக்கொரு தரம், 'பொன்னு வேணும், இன்னும் பொன்னு வேணும்' என்று கத்துகிறான்.

எழுத்தில் பொன்னு வேறு, பொண்ணு வேறு. நம் ஆட்கள் வாயில் இரண்டும் ஒன்றுதான். பலகையைத் தாண்டும்போது தன் பொன்னு பொண்ணாகிவிட்டது என்று வேதநாயகம் முடிவு கட்டிவிட்டான். கோயில் பாட்டுக்குழுவில் பால்ராஜின் மகள் ஐரீன் பாடியதைக் கேட்ட நாளிலிருந்து அவளைத் தவிர வேறு யாரையும் நினைக்காதவன் அவன். அவளை இழந்துவிடுவோமோ என்று அவசரமாகத் தொடங்கினான்.

"மாமா, நான் கேட்டது பொன்னு. பொண்ணு இல்ல."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"இல்ல மாமா, நீங்க சரியாக் கவனிக்கல. மூணு இல்ல, ரெண்டு."

மூன்று சுழி இல்லை, இரண்டு சுழி என்று சொல்ல வந்தவன், பதற்றத்தில் சுழியை விழுங்கிவிட்டான். போதாததற்கு இரண்டு விரலை வேறு நீட்டிக் காட்டினான்.

பால்ராஜ் முகம் வெளுத்தது. "ரெண்டா? ஒண்ணே எங்க குடும்பத்துக்குத் தாங்காது தம்பி."

குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

வேதநாயகம் நேரே அமலம்மாளிடம் ஓடினான்.

"அத்தை, வேணும் வேணும்னு கேட்டது நான் இல்ல. ஒரு ராஜா."

"ராஜாவா? எந்த ஊரு?"

"வெளிநாடு. அவங்க வீட்டுக் கல்யாணம். அதான் அவ்வளவு ஆசை."

அமலம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். மறுநாளே பசாரில் பேச்சாகிவிட்டது: வேதநாயகத்துக்கு வெளிநாட்டு ராஜா வீட்டுச் சம்பந்தம் வந்திருக்கிறதாம். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் எதிரே வந்த பால்ராஜ் அவனைக் கண்டதும் ஒரு ரிக்‌ஷாவின் மறைவில் நழுவிவிட்டார்.

சத்தம்தானே வம்பு என்று, அதன் பிறகு பாட்டை முணுமுணுத்தே படித்தான்.

"இப்ப எல்லாம் ரகசியமா நடக்குது" என்று பால்ராஜிடம் சேதி சொன்னாள் அமலம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் உட்கார இடமில்லை. முன்வரிசையில் பால்ராஜ், மடியில் குடைக்குப் பதிலாக ஒரு துணி முடிச்சு. பெண்கள் பக்கம் அமலம்மாள். அவளுக்குப் பக்கத்தில் ஐரீன், கையில் அந்தப் பாட்டு வந்த பத்திரிகை. அவளைப் பார்த்ததும் வேதநாயகத்துக்குத் தயார் செய்த பேச்செல்லாம் மறந்துவிட்டது.

"பாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. என்னைப் பத்தி ஊருல என்னென்னமோ பேசுறாங்க. மாதா மேல ஆணையாச் சொல்றேன். இந்தக் கல்யாணம் பேசின நாள்லேருந்து நான் வாயைத் தொறந்து கேட்டதெல்லாம் பொன்னு, பொன்னு, பொன்னு மட்டும்தான்."

வாசகசாலையில் எல்லோர் கண்ணும் பால்ராஜ் பக்கம் திரும்பியது.

"இப்பவாவது நம்புறீங்களா மாமா?"

"நம்புறேன் தம்பி."

பால்ராஜ் எழுந்து வந்து, முடிச்சை மேசைமேல் வைத்து அவிழ்த்தார். அவர் மனைவியின் சங்கிலி, வளையல்கள், ஜோடி தொலைந்த ஒரு தோடு.

"வீட்டுல இருக்கிறது இவ்வளவுதான். ராஜா வீட்டு அளவுக்கு நம்மால முடியாது."

வேதநாயகம் நகையைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், ஒன்றும் புரியவில்லை. ஐரீன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று எண்ணி அவன் மனசு உடைந்துபோனது. அவள் எழுந்து நின்றபோதுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

"அதை எடுத்து உள்ள வைங்கப்பா. பொன்னு கேட்டது இந்தப் பாட்டுல வர்ற ராஜா. நமக்கு மொதல்லேருந்தே பொன்னுன்னு சரியாத்தான் காதுல விழுந்துச்சு. நாம பொண்ணுன்னு நெனச்சிட்டோம்னு இவரு பயந்துபோயி, 'இல்லவே இல்ல, பொன்னுதான்'னு ஊரெல்லாம் சத்தியம் பண்ணிக்கிட்டு அலையுறாரு."