காப்புக் கட்டிய ஊரில் ஒரு கொலை

"கொலையை மட்டும் எடுத்துருங்க தம்பி" என்றார் விழாக் கமிட்டித் தலைவர் ஆண்டியப்பன். "மத்தபடி நாடகம் நல்லாத்தான் இருக்கு."

கோபிநாத்துக்குத் தலை சுற்றியது. புளி இல்லாமல் ரசம் வை என்றால்கூட எதையாவது பிழிந்து ஒப்பேற்றலாம். துப்பறியும் நாடகத்தில் கொலையை எடுத்துவிட்டால், துப்பறிகிறவன் மேடையில் நின்று கடலையா கொறிப்பான்?

"தலைவரே, கதையே அதுலதானே ஆரம்பிக்குது! லண்டன்ல ஒரு பெரிய பங்களா. அதுல ஒரு வெள்ளைக்காரக் கேப்டன். நம்ம நாட்டு அரண்மனை ஒண்ணுலேர்ந்து அள்ளிக்கிட்டுப் போன நகைப்பெட்டி அவன்கிட்ட இருக்கு. ஒருநாள் விடிஞ்சு பாத்தா, உள்பக்கம் தாப்பாப் போட்ட ரூம்ல ஆளு செத்துக் கெடக்கான். பெட்டியைக் காணோம். கொன்னது யாருன்னா..."

"நிறுத்துங்க!" ஆண்டியப்பன் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். "ஊருக்குக் காப்புக் கட்டியாச்சு. இப்பப் போயி மேடையில பொணத்தைக் கெடத்துறேங்கிறீங்களே, அம்மன் பொறுப்பாளா?"

கோயில் மண்டபத்தில் கூடியிருந்த விழாக் கமிட்டி மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அதற்கு மேல் பேச முடியாது. கீரமங்கலத்தை ஒட்டிய அந்த ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், திருவிழா முடிகிற வரைக்கும் யாரும் வெளியூரில் ராத்தங்க மாட்டார்கள், கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். கருவாட்டுக் குழம்பு கொதிக்காது. அந்த நேரத்தில் ஊருக்கு நடுவே ஒரு பிணம், அதுவும் லைட்டுப் போட்டு!

கோபிநாத்தின் கவலை வேறு. திருவிழாவில் ஒவ்வொரு நாள் மண்டகப்படியும் ஒவ்வொரு கூட்டத்தாருக்கு. அன்றைய பூசைச் செலவு அவர்களுடையது, அன்றைய மேடையும் அவர்களுடையது. மூன்றாம் நாள் உத்தியோகஸ்தர் மண்டகப்படி. வாத்தியார்கள், தபால்காரர், கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கும் கோபிநாத் என்று மாதச் சம்பளக்காரர்கள் சேர்ந்து செய்வது. போன வருசம் பட்டிமன்றம் வைத்தார்கள். தீர்ப்புச் சொல்லும்போது கூட்டத்தில் மிஞ்சியிருந்தது நடுவரின் கார் டிரைவர் மட்டும். அதற்கு முந்தைய வருசம் கவியரங்கம். அதைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை.

ஆடலும் பாடலும் குழு நடத்துகிற நாகராசு அந்த நாள் மேல் கண் வைத்து அலைந்தான். இந்த வருசமும் கூட்டம் கலைந்தால் மேடை அவனுக்கு என்று கமிட்டியில் முடிவாகிவிட்டது. அப்புறம் உத்தியோகஸ்தர்கள் பந்தியில் இலை போடத்தான் லாயக்கு. அதற்காகத்தான் கோபிநாத் மார்தட்டிக்கொண்டு அந்த நாவலைக் கையில் எடுத்தான். விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலீசு நாவல். யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் காலத்திலேயே பெயர்களையெல்லாம் மாற்றித் தமிழில் போட்டிருந்தார். கோபிநாத் அதை மூன்று தடவை படித்தவன். மூன்று தடவையும் கடைசி அத்தியாயத்தில் அவனுக்குப் புல்லரித்தது.

"செத்தாத்தானே தப்பு?" என்றான் வீட்டுக்கு வந்ததும். "கேப்டன் சாகலை. மயக்கம் போட்டுட்டான். எப்புடி?"

அவன் மனைவி திலகவதி காய் நறுக்கியபடியே யோசித்தாள். "மயக்கம்னா தண்ணி தெளிச்சா எந்திரிச்சுருவான்ல?"

"எந்திரிப்பான்."

"எந்திரிச்சு, என்னைய அடிச்சது இன்னாருன்னு சொல்லிட்டா ஒங்க துப்பறியிறவரு எதுக்கு? சோடா வாங்கியாரவா?"

கோபிநாத் எழுந்து கொல்லைப்பக்கம் போனான். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருந்தது. கேப்டன் தூங்குகிறான்! எழுப்பினால் எழுந்திருக்காத தூக்கம். தூக்கத்தில் என்ன அபசகுனம்? கமிட்டியில் பாதிப் பேர் கூட்டம் நடக்கும்போதே தூங்குகிறவர்கள்.

தூக்கத்தை ஆண்டியப்பன் ஒப்புக்கொண்டார். ஆனால் விடவில்லை.

"கடைசியில, குத்தவாளி இன்னாருன்னு சொல்லுவீங்களா?"

"சொல்லாம? அதுதானே தலைவரே உச்சக்கட்டம்! பங்களாவுல இருக்குற சமையக்காரன், டாக்டரு, கேப்டனோட தங்கச்சி மகன், இவங்கள்ல யாருன்னு..."

"வேணாம், வேணாம்!" ஆண்டியப்பன் காதைப் பொத்தாத குறை. "சமையக்காரனா நடிக்கிறது கீழத்தெருப் பய. டாக்டரு மேலத்தெரு. யாரைச் சொன்னாலும் அந்தத் தெருக்காரக தேர்வடத்தைத் தொட மாட்டாக. ஊரை ரெண்டாக்கிப்புடாதீங்க."

"அப்ப வெளியூர் ஆளு ஒருத்தனைக் குத்தவாளியாப் போட்டுக்கிறேன். ஆலங்குடியில ஃபிரண்டு ஒருத்தன் இருக்கான்."

"திருவிழாவுக்கு வந்த விருந்தாளியைக் கள்ளன்னு சொல்றதா? நல்லாருக்கு தம்பி நம்ம ஊரு மருவாதி!"

"சரி, குத்தவாளியை விடுங்க. நகைப்பெட்டி எங்கிட்டுப் போச்சுங்கிறதையாச்சும்..."

"அதையும் சொல்லக் கூடாது. சாமி நகையெல்லாம் வெளிய எடுத்து வச்சிருக்கு. இந்த நேரத்துல பெட்டி காணோம், நகை காணோம்னு மைக்குல கத்துவீங்களா? காணோம்ங்கிற சொல்லே வரப்படாது."

ஆகக்கூடி, கொலை கிடையாது. குற்றவாளி கிடையாது. எதுவும் காணாமல் போகவில்லை. கோபிநாத் அன்று சாப்பிடவில்லை. திலகவதி தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"விட்டுருவோமுங்க. நாகராசு ஆடிட்டுப் போகட்டும்."

"வருசா வருசம் நம்மளைப் பாத்துச் சிரிக்கிறாங்க திலகா. நல்லதா ஒண்ணைக் குடுத்தா இந்த ஊரு ஒக்காந்து பாக்கும்னு எனக்குத் தெரியும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பாத்துரணும்."

அவளுக்குப் பாவமாக இருந்தது. "அப்பப் போடுங்க. போறது போகட்டும்" என்றாள்.

மூன்றாம் நாள், விளக்கு வைக்கும் நேரத்துக்கு நாடகம் தொடங்கியது. ஊரே திரண்டிருந்தது. நல்ல நாடகம் பார்க்க அல்ல, உத்தியோகஸ்தர்கள் இந்த வருசம் எப்படி விழப்போகிறார்கள் என்று பார்க்க. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகளுக்காக யாரோ செல்போனில் லைவ் வேறு போட்டார்கள். நாகராசு முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் ஆண்டியப்பன், பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவர் போல.

திரை விலகியது. கட்டிலில் கேப்டன். அந்த வேடம் உடற்கல்வி ஆசிரியர் அய்யப்பனுக்கு. மனிதர் அன்று காலையில்தான் வெயிலில் பால்குடம் எடுத்திருந்தார். மெத்தையில் சாய்ந்தவர் நிஜமாகவே தூங்கிவிட்டார். தலைமாட்டில் மைக். அவருடைய குறட்டை ஒலிபெருக்கி வழியாகக் கண்மாய்க்கரை வரைக்கும் கேட்டது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவ்வளவுதான், தொலைந்தோம் என்று நினைத்தபடியே கோபிநாத் மேடைக்குள் நுழைந்தான். சித்திரை மாதப் புழுக்கத்தில் துப்பறிவாளர் கோட்டு என்று மழைக்கோட்டை மாட்டியிருந்தான். வேர்வை கண்ணில் இறங்கியது. மனப்பாடம் செய்திருந்த வசனம் ஒரு வரி இல்லாமல் மறந்துபோனது. குறட்டை மட்டும் நிற்கவில்லை.

அவன் கட்டிலைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். கையைத் தூக்கி, "சிரிக்காதீங்க!" என்றான். "இவரு தானாத் தூங்கலை. தூங்க வச்சிருக்காங்க."

சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

"உள்பக்கம் தாப்பாப் போட்ட ரூம்ல, நல்லா இருந்த மனுசன் விடிஞ்சும் எந்திரிக்கலை. பக்கத்துல பால் டம்ளரு. பால்ல என்னத்தையோ கலந்திருக்காங்க. யாரு கலந்தா? எதுக்குக் கலந்தா? நம்ம நாட்டுலேர்ந்து இவரு தூக்கிட்டு வந்த நகைப்பெட்டி..." காணோம் என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினான். "...இருக்கு. ஆனா எங்க இருக்குன்னு ஒருத்தனுக்குத்தான் தெரியும்."

"அது நம்ம சொத்துடா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "விடாதீங்க சார், அமுக்குங்க!"

அதன் பிறகு நடந்ததை ஊர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. சமையல்காரன் வந்து பால் காய்ச்சியது தான்தான் என்றும், ஆனால் கொண்டுபோய்க் கொடுத்தது தான் இல்லை என்றும் சொன்னான். கீழத்தெருப் பெண்கள் "நம்ம பயலைப் பாரு, பால் மாதிரி மொகம்" என்று அவனுக்காக வாதாடினார்கள். மேலத்தெருக்காரர்கள் டாக்டருக்காக எழுந்து நின்றார்கள். தங்கச்சி மகன் திருதிருவென்று விழித்தபோது, தாய்மாமன் சொத்துக்கு அலைகிறவன் இவன்தான் என்று ஊரில் தாய்மாமனாக இருக்கிற அத்தனை பேரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஐஸ் விற்கிறவர் மணியடிப்பதை நிறுத்திவிட்டார். குறட்டை நின்றால்கூட "ஸ்... ஆளு முழிக்கிறாரு போல" என்று பதறினார்கள். கால்மேல் போட்டிருந்த காலை நாகராசு எப்போது இறக்கினான் என்று அவனுக்கே தெரியாது.

கோபிநாத்துக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. மாடுகளைத் தவிர யாரும் தன் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. கமிட்டியாவது, கட்டளையாவது! இவ்வளவு பேர் கேட்கும்போது சொல்லாமல் இருக்க முடியுமா?

மேடையின் விளிம்புக்கு வந்தான். "சொல்லிடவா?"

"சொல்லுங்க! சொல்லுங்க!" என்றது ஊர்.

"அந்தப் பால்ல மருந்தைக் கலந்தது வேற யாரும் இல்ல. இதோ நிக்கிறாரே..."

முன்வரிசையில் ஒரு நாற்காலி கவிழ்ந்தது. எழுபதை நெருங்குகிற ஆண்டியப்பன் படிகூடத் தேடாமல் மேடையில் தாவி ஏறினார். "மைக்கை அமத்துடா!" என்று கத்திக்கொண்டே பொன்னாடையை விரித்துக் கோபிநாத்தின் கழுத்தில் அல்ல, வாயோடு சேர்த்துச் சுற்றினார். "தீவாராதனைக்கு நேரமாச்சு! எல்லாரும் கோயிலுக்கு வாங்க!"

திரை விழுந்தது. ஊர் முழுக்க ஒரே கூச்சல். பொன்னாடைக்குள் மூச்சுமுட்டிக்கொண்டிருந்த கோபிநாத், மூன்றாம் நாள் மேடை கைவிட்டுப் போய்விட்டது என்று முடிவுகட்டி, வந்த அழுகையையும் உள்ளேயே விழுங்கினான்.

மறுநாள் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு பலாப்பழம். பின்னால் கீழத்தெரு ஆள். "மாமா, எனக்கு மட்டும் சொல்லுங்க. நம்ம பய இல்லைல்ல?"

அடுத்து ஒரு பை கத்திரிக்காய் வந்தது. அப்புறம் ஒருபடி வேர்க்கடலை. துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் "அண்ணே, ரூம்ல எட்டுப் பேரும் சண்டை போட்டுக்கிட்டு இருக்கோம், யாருண்ணே அது?" என்று குரல் வந்தது. மாட்டுக்குச் சினை ஊசி போட வந்தவர்கள் மாட்டை மறந்துவிட்டுப் பால் டம்ளரைப் பற்றிப் பேசினார்கள். டீக்கடையில், பஸ்ஸில், பூ மார்க்கெட்டில், தேர் இழுக்கும்போது வடத்தைப் பிடித்தபடிகூட அதே பேச்சு.

கடைசியில் நாகராசே வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டி நின்றான்.

"கோபி, மூணாம் நாளு ஒன்னுதுதான். அதை எவன் கேட்டாலும் நானே அடிப்பேன். என்னோட ஏழாம் நாள் மேடையையும் நீயே எடுத்துக்க, ரெண்டாம் பாகம் போடு. ஆனா எனக்குத் தூக்கம் வரலைடா. கீரமங்கலம் லைப்ரரிக்கே போயிட்டேன். இருந்தது ஒரே புத்தகம், அதையும் எவனோ எடுத்துக்கிட்டுப் போயி திருப்பிக் குடுக்கலையாம். சொல்லிரு!"

கோபிநாத் சட்டைக் காலரை மெதுவாகச் சரிசெய்துகொண்டான். "அடுத்த வருசம் வா, நாகராசு. முன்வரிசையில எடம் போட்டு வைக்கிறேன்."

உள்ளே திலகவதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கோபிநாத்துக்கு அந்த நிமிடம் நெஞ்சு விம்மியது. கவியரங்கத்திலும் பட்டிமன்றத்திலும் பட்ட அவமானமெல்லாம் அந்த வாசலிலேயே கழுவிக்கொண்டு போனது போல இருந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. குற்றவாளியைச் சொல்லியிருந்தால், வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஊர் நாடகத்தை மறந்திருக்கும். சொல்லவிடாமல் தடுத்த ஆண்டியப்பன் சாதாரண ஆளா? எவ்வளவு பெரிய கலைஞானம்! அந்த மனிதரைப் போய் மனசுக்குள் எவ்வளவு திட்டினோம்! கோபிநாத் பழுத்த பலாவாகப் பார்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தான்.

ஆண்டியப்பனின் மனைவி சின்னப்பிள்ளை நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

"தலைவரு இருக்காங்களா அத்தை? அவுக கால்ல விழுந்து கும்புடணும். கதையை எந்த எடத்துல நிறுத்துனா ஊரு சொக்கிப்போகும்னு தெரிஞ்சு நிறுத்துனாக பாருங்க, அந்த மூளை யாருக்கு வரும்?"

சின்னப்பிள்ளை பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவாப் பேசுங்க தம்பி! கதையில அசிங்கமா ஏதும் இருக்கான்னு பாக்குறதுக்கு அந்தப் புத்தகத்தை லைப்ரரியிலேர்ந்து எடுத்தாந்தவுக, வரி வரியாப் படிச்சு இன்னும் பாதியைத் தாண்டலை, கொன்னது யாருன்னு நீங்க வாய்தவறிச் சொல்லிப்புடுவீகளோன்னு காப்புக் கட்டுன நாள்லேர்ந்து உசுரைக் கையில புடிச்சுக்கிட்டுத் திரியிறாக!"